கெல்வின்குரோவ் மியூசியத்துக்குக் குடும்பத்தோடு: கிளம்புவது முதல் திரும்புவது வரை

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருக்கும் நம் குடும்பங்களுக்கு, ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தாலும் சரி, பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டாலும் சரி, முதலில் நினைவுக்கு வருவது கெல்வின்குரோவ் கலைக்கூடமும் அருங்காட்சியகமும்தான். நகராட்சிக்குச் சொந்தமான இடம், நுழைவுக் கட்டணம் கிடையாது, மழைக்கும் பயப்பட வேண்டாம்.

ஆனால் உள்ளே 22 காட்சியறைகள், சுமார் 8,000 பொருட்கள். திட்டமில்லாமல் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கீழே யானைக்கு முன்னால் ஒரு மணி நேரம், எகிப்துப் பொருட்களிடம் அரை மணி நேரம், அப்புறம் பசி, அழுகை. மாடியில் இருக்கும் ஓவியங்களைப் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசை பிள்ளைகளின் பசியையும் பெரியவர்களின் முழங்காலையும் மனதில் வைத்துப் போட்டது. நான்கு வயதுக்கு மேற்பட்ட குழந்தைகளும் தாத்தா பாட்டியும் சேர்ந்து போகும் குடும்பத்துக்கு இது பொருந்தும்.

1. நாளையும் நேரத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

திங்கள் முதல் வியாழன் வரையும் சனிக்கிழமையும் காலை 10 மணிக்குத் திறப்பார்கள். வெள்ளியும் ஞாயிறும் 11 மணிக்குத்தான். எல்லா நாளும் மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். இந்த ஒரு மணி நேர வித்தியாசம் தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கே வந்து, குளிர்காற்றில் குழந்தையோடு வாசலில் நிற்கும் குடும்பங்களை அடிக்கடி பார்க்கலாம். கிறிஸ்துமஸ், புத்தாண்டை ஒட்டிச் சில நாட்கள் மூடியிருக்கும். அந்தச் சமயத்தில் போவதானால் முந்தின நாளே மியூசியத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது, நடுக்கூடத்தில் இருக்கும் ஆர்கன் என்ற பெரிய குழாய் இசைக்கருவியின் கச்சேரி. திங்கள் முதல் சனி வரை மதியம் 1 மணிக்கு, ஞாயிறன்று 3 மணிக்கு. நாள் முழுவதையும் இதைச் சுற்றித்தான் அமைக்க வேண்டும். முதல் முறை போகிறவர்களுக்குச் சனிக்கிழமையைத்தான் சொல்வேன். பத்து மணிக்கு உள்ளே போனால் கச்சேரிக்கு முன் மூன்று மணி நேரம் கையில் இருக்கும். ஞாயிறன்று கச்சேரி மூன்று மணிக்கு என்பதால், அதுவரை பொறுமையாக இருக்கச் சின்னப் பிள்ளைகளால் முடியாது.

பள்ளி நடக்கும் வார நாட்களில் காலை வேளையில் மாணவர் குழுக்கள் வரும். கூட்டம் முழுக்க விலங்குகள் பக்கம்தான் இருக்கும். மாடியில் ஆரம்பிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பக்கத்துப் பூங்காவையும் பார்க்க நினைத்தால் மியூசியத்தைக் காலையில் முடித்துக்கொள்ளுங்கள்.

2. எது இலவசம், எதற்குக் காசு

நிரந்தரக் காட்சியறைகள் எல்லாமே இலவசம். டிக்கெட்டோ முன்பதிவோ தேவையில்லை. ஆர்கன் கச்சேரிக்கும் காசு கிடையாது.

கீழ்த்தளத்தில் அவ்வப்போது நடக்கும் சிறப்புக் கண்காட்சிக்குப் பெரும்பாலும் டிக்கெட் உண்டு. புதிதாக வருகிறவர்கள் குழம்புவது இங்கேதான். அந்த டிக்கெட் மேசையைப் பார்த்து, அதுதான் நுழைவுச் சீட்டு என்று நினைத்துக் குடும்பத்துக்கே வாங்கிவிடுகிறார்கள். சிறப்புக் கண்காட்சியைப் பார்ப்பது உங்கள் விருப்பம். முதல் முறை போகும்போது அதற்கு நேரம் போதாது.

கார் நிறுத்தக் கட்டணம் உண்டு, வார இறுதியில் இடமும் சீக்கிரம் நிரம்பிவிடும். நன்கொடைப் பெட்டிகள் இருக்கும். போடாவிட்டால் யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை, ஆனாலும் முடிந்ததைப் போடுங்கள். குழந்தை கையில் ஒரு பவுண்டு நாணயத்தைக் கொடுத்துப் போடச் சொன்னால், இந்த இடம் எப்படி நடக்கிறது என்று அதற்கும் புரியும்.

3. பையில் என்ன இருக்க வேண்டும்

ஆளுக்கொரு பென்சிலும் சின்ன நோட்டும். பேனா வேண்டாம். ஓவியத்துக்குப் பக்கத்தில் மை தெறித்தால் துடைத்து எடுக்க முடியாது. குழந்தை நின்று வரைய ஆரம்பித்துவிட்டால் பெரியவர்களுக்கும் நின்று பார்க்கப் பத்து நிமிடம் கிடைக்கும். இது எனக்குத் தெரிந்த எல்லாக் குடும்பங்களிலும் பலித்த வழி.

உடையை அடுக்கடுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள். வெளியே காற்று அடிக்கும், உள்ளே கனமான கோட்டோடு நடந்தால் வியர்த்துவிடும். ஊரிலிருந்து வந்த பெரியவர்கள் குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்து, உள்ளே அரை மணி நேரத்தில் சோர்ந்துபோவார்கள். கோட்டைக் கழற்றி வைக்க ஒரு லேசான துணிப்பை எடுத்துக்கொண்டால் போதும்.

படம் எடுக்கலாம். ஃபிளாஷை மட்டும் வீட்டிலேயே அணைத்து வைத்துவிடுங்கள்.

4. போகும் வழி

நகர மையத்திலிருந்து சப்வே என்ற வட்டப்பாதை நிலத்தடி ரயிலில் வருவதானால் இறங்க வேண்டிய நிலையம் கெல்வின்ஹால். பியூக்கானன் ஸ்ட்ரீட்டில் உள்வட்ட ரயிலில் ஏறினால் ஐந்தாவது நிலையம். வெளிவட்டத்தில் ஏறினாலும் வந்து சேரலாம், ஆனால் கிளைடு நதியின் தென்கரையெல்லாம் சுற்றிக்கொண்டு வரும். நிலையத்திலிருந்து சில நிமிட நடைதான். சிவப்புக் கல்லில் கோபுரங்களோடு எழும்பி நிற்கும் கட்டடத்தைத் தவறவிட முடியாது.

குழந்தைத் தள்ளுவண்டியோ சக்கர நாற்காலியோ இருந்தால் சப்வே வேண்டாம். கெல்வின்ஹாலில் லிஃப்ட் கிடையாது. ஆர்கைல் ஸ்ட்ரீட் வழியாகப் போகும் பஸ்ஸில் வந்தால் மியூசியத்துக்கு அருகிலேயே இறங்கலாம்.

5. நுழைந்தவுடன் செய்ய வேண்டியவை

பெரிய கல்படிகளைப் பார்த்ததும் ஏறத் தொடங்காதீர்கள். படி ஏறாமல் நுழையும் வாசல் கீழ்த்தளத்தில் இருக்கிறது, பலகையைப் பார்த்துப் போங்கள். அங்கிருந்து எல்லாத் தளங்களுக்கும் லிஃப்ட் உண்டு. முழங்கால் வலி உள்ள பெரியவர்கள் முதல் ஐந்து நிமிடத்திலேயே படியில் களைத்துப்போனால் அப்புறம் எந்த ஓவியமும் மனதில் ஏறாது.

முதலில் எல்லாரையும் கழிப்பறைக்கு அனுப்புங்கள். “எனக்கு இப்போ வரல” என்கிற குழந்தையையும்தான். மாடியின் கோடியில் போய் நின்ற பிறகு கீழ்த்தளம் வரை இறங்கி வருவது பெரிய அலைச்சல்.

அடுத்து வரவேற்பு மேசையில் வரைபடம் வாங்கிக்கொண்டு, நீங்கள் பார்க்க நினைக்கும் முக்கிய ஓவியங்கள் இன்று சுவரில் இருக்கின்றனவா என்று கேளுங்கள். பெரிய ஓவியங்கள் சில சமயம் வேறு ஊர்க் கண்காட்சிகளுக்கு இரவலாகப் போயிருக்கும். தன்னார்வலர்கள் நடத்தும் இலவசச் சுற்று அன்றைக்கு உண்டா என்றும் கேட்டுவிடுங்கள். ஓவியத்தில் ஆர்வமுள்ள பெரியவர்களுக்கு அது நல்ல துணை.

கடைசியாக, வழி தவறினால் சேர வேண்டிய இடம். ஆர்கனுக்கு எதிரே, நடுக்கூடம். கட்டடத்தின் மேற்குப் பகுதியையும் கிழக்குப் பகுதியையும் இணைப்பது இந்தக் கூடம்தான், எங்கே இருந்தாலும் இங்கே வந்துவிட முடியும். குழந்தைகளை அங்கே நிறுத்தி, கையால் தொட்டுக் காட்டிச் சொல்லுங்கள்.

6. முதலில் மாடிக்குப் போங்கள்

மேற்குக் கூடத்தில் யானை நிற்பதைப் பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். இரண்டு நிமிடம் போய் வணக்கம் சொல்லிவிட்டு வரட்டும். “சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கேதான் வரப்போகிறோம்” என்று வாக்குக் கொடுத்து மேலே கூட்டிப்போங்கள். விலங்குகளை எவ்வளவு களைத்திருந்தாலும் ரசிக்கலாம். ஓவியத்துக்குத் தெளிந்த கண்ணும் வலிக்காத காலும் வேண்டும், அதனால்தான் அதற்குக் காலை நேரம்.

மாடியில் எல்லா அறைகளையும் பார்க்க முயலாதீர்கள். மூன்று ஓவியங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் முன்னாலும் பத்து நிமிடம் நில்லுங்கள். என் தேர்வு இவை.

முதலாவது ஸ்பானிய ஓவியர் சல்வடோர் டாலி 1951-இல் வரைந்த சிலுவைக் காட்சி. பக்கத்துப் பலகையைப் படித்துச் சொல்ல அவசரப்படாமல், குழந்தையிடம் “நீ இப்போ எங்கே நிற்கிறாய்?” என்று மட்டும் கேளுங்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு “மேலே” என்று சொல்லும். வழக்கமாகச் சிலுவையைக் கீழிருந்து அண்ணாந்து பார்ப்போம். இங்கே ஓவியர் நம்மை வானத்தில் நிறுத்தி, இயேசுவின் தலையுச்சியையும் தோளையும் மேலிருந்து காட்டுகிறார். முகம் தெரியாது. அடுத்த கேள்வி, “ஆணி எங்கே?” ஆணியும் இல்லை, முள்முடியும் இல்லை, இரத்தமும் இல்லை. அப்புறம் கண்ணைக் கீழே இறக்கச் சொல்லுங்கள். அமைதியான ஒரு விரிகுடா, படகு, மீனவர்கள். மேலே நடப்பதற்கும் அவர்களுக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருக்கும்.

கிறிஸ்தவர் அல்லாத குடும்பங்களும் இதன் முன்னால் நெடுநேரம் நிற்பதைப் பார்த்திருக்கிறேன். 1952-இல் நகராட்சி இதை 8,200 பவுண்டுக்கு வாங்கியபோது, அந்தப் பணத்தை உள்ளூர்க் கலைஞர்களுக்குச் செலவிட்டிருக்கலாமே என்று கலைக்கல்லூரி மாணவர்கள் எதிர்த்தார்கள். 1961-இல் பார்வையாளர் ஒருவர் இதைக் கிழித்தார். பிறகு செப்பனிட்டார்கள். பெரிய பிள்ளைகளிடம் இதைச் சொன்னால், கிழிந்த இடம் தெரிகிறதா என்று மறுபடியும் உற்றுப் பார்ப்பார்கள்.

இரண்டாவது டச்சு ஓவியர் வான்கோ 1887-இல் வரைந்த அலெக்சாண்டர் ரீட். ரீட் கிளாஸ்கோக்காரர், ஓவிய வணிகர். பாரிசில் வான்கோ சகோதரர்களோடு ஒரே வீட்டில் தங்கியிருந்தவர். இருவருக்கும் அப்படியொரு முகஒற்றுமை. இதை வான்கோவின் சுயஓவியம் என்றே பலகாலம் நினைத்திருந்தார்கள். சின்ன ஓவியம்தான், அதனால் நிறையப் பேர் நிற்காமல் கடந்துவிடுவார்கள். கைநீட்டினால் எட்டாத தூரத்தில் நின்று தாடியைப் பாருங்கள். சிவப்புக் கோடுகளுக்கு நடுவே பச்சைக் கோடுகள் ஓடும். நாலடி பின்னால் வந்தால் கோடுகள் மறைந்து மனிதர் தெரிவார். முன்னும் பின்னும் நடந்து பார்ப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு.

மூன்றாவது டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் கவசமணிந்த வீரன். இருட்டுக்குள்ளிருந்து இரும்பு மட்டும் மினுங்கும். இதைப் பார்த்த கையோடு, ஆயுதங்களும் கவசங்களும் இருக்கும் பகுதிக்குக் கூட்டிப்போங்கள். 15-ஆம் நூற்றாண்டில் மிலான் நகரில் செய்த முழுக் கவசம் ஒன்று இந்த மியூசியத்தின் பெருமை. வரைந்த இரும்பையும் உண்மையான இரும்பையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, ஓவியர் ஒளியை எங்கே வைத்தார் என்று பத்து வயதுப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும்.

நடுநடுவே மேல்மாடத்துக் கைப்பிடி ஓரமாக வாருங்கள். மேற்குப் பக்கத்தில் தொங்கும் ஸ்பிட்ஃபயர் போர்விமானம் இங்கிருந்து கண்மட்டத்துக்கே தெரியும். கீழே நின்றால் வயிற்றுப் பக்கம்தான் பார்க்கலாம். விமானி உட்காரும் இடத்தைப் பார்க்க மாடிதான் சரியான இடம்.

7. ஒரு மணி ஆர்கன்

பத்து நிமிடம் முன்னதாகவே இடம் பிடியுங்கள். பெரியவர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்து கேட்கட்டும். பிள்ளைகளோடு இருப்பவர்கள் மேல்மாடத்தில் ஆர்கனுக்கு எதிர்ப்பக்கமாக நில்லுங்கள். குழாய் வரிசை நேருக்கு நேர் தெரியும், குழந்தைக்குச் சலித்தால் யாரையும் தொந்தரவு செய்யாமல் நழுவவும் வழி இருக்கும்.

சத்தத்துக்கு மிரளும் குழந்தையாக இருந்தால் தொடக்கத்தில் தூரத்தில் இருந்து கேட்டு, மெதுவாக நெருங்கி வாருங்கள். தாழ்ந்த சுரங்கள் காதில் விழுவதற்கு முன்பே நெஞ்சில் அதிரும். முன்கூட்டிச் சொல்லி வைத்தால் பயம் ஆசையாக மாறிவிடும்.

முழுக் கச்சேரிக்கும் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. கைதட்டும் இடைவெளியில் எழுந்து போகலாம்.

8. சாப்பாடு

உள்ளே காபிக் கடை உண்டு. ஆனால் கச்சேரி முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் அங்கே போவார்கள். ஆகவே ஒன்று கச்சேரிக்கு முன்பே 12 மணிக்குச் சாப்பிட்டுவிடுங்கள், இல்லையென்றால் கடைசிப் பாட்டுக்கு முன் ஒருவர் போய் வரிசையில் நிற்கட்டும்.

வீட்டுச் சாப்பாடு கொண்டுவந்தால் காட்சியறைகளில் பிரிக்கக்கூடாது. சிந்தும் பருக்கை பூச்சியைக் கூப்பிடும், பாடம்பண்ணிய விலங்குகளையும் பழந்துணிகளையும் முதலில் அரிப்பது பூச்சிதான். வெயில் அடித்தால் பக்கத்துப் பூங்காவில் புல்தரையில் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவது போல சுகம் வேறில்லை. மழை நாளானால், கொண்டுவந்த உணவைச் சாப்பிட உள்ளே எங்காவது இடம் உண்டா என்று காலையிலேயே வரவேற்பு மேசையில் கேட்டு வையுங்கள்.

9. சாப்பிட்ட பிறகு: யானை, விமானம், தலைகள்

இப்போது பிள்ளைகளின் நேரம். பெரியவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம், ஒருவர் மட்டும் கூடப் போனால் போதும்.

யானையின் பெயர் சர் ரோஜர். ஆசிய யானை. நம் ஊர்க் கோயில் யானைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதன் காதையும் நெற்றியையும் பார்த்ததுமே தெரிந்துவிடும். கிளாஸ்கோ விலங்குக் காட்சியில் இருந்தது, பிறகு அடக்க முடியாதபடி மூர்க்கமானதால் 1900-இல் சுட்டுக் கொன்றார்கள். “இது ஏன் செத்துப்போச்சு?” என்று குழந்தை கட்டாயம் கேட்கும். பதிலை முன்பே யோசித்து வையுங்கள். அடைத்து வைத்த யானைக்கு மதம் பிடித்தால் என்ன ஆகும் என்று தாத்தாக்களுக்குத்தான் நன்றாகச் சொல்லத் தெரியும், அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

தலைக்கு மேலே தொங்குவது, காலையில் மாடியிலிருந்து பார்த்த அதே ஸ்பிட்ஃபயர். எண் எல்ஏ198. கிளாஸ்கோவின் சொந்தப் படைப்பிரிவான 602-இல் இருந்த விமானம்.

ஸ்காட்லாந்தின் விலங்குகளுக்கு நடுவே ‘காட்டு ஹாகிஸ்’ என்று ஒரு பிராணியை வைத்திருப்பார்கள். ஹாகிஸ் என்பது ஆட்டின் ஈரல், இதயம் போன்றவற்றை ஓட்ஸோடு சேர்த்துச் செய்யும் உணவு. அப்படியொரு மிருகமே உலகில் இல்லை, வேடிக்கைக்காகச் செய்து வைத்தது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். பக்கத்தில் இருக்கும் உண்மையான விலங்குகளின் பலகைகளையும் தானாகவே படித்துவிடுவார்கள்.

கிழக்குக் கூடத்தில் சோஃபி கேவ் என்ற கலைஞர் செய்த வெள்ளைத் தலைகள் ஐம்பதுக்கும் மேல் காற்றில் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு முகபாவம். சிரிக்கும் முகம், அலறும் முகம், வலியில் சுளிக்கும் முகம் என்று தேடி, அதே மாதிரி முகத்தை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பரதம் படிக்கும் பிள்ளை இருந்தால் நவரசத்தையும் இங்கே தேடலாம்.

நேரம் மிச்சமிருந்தால் கிளாஸ்கோவின் கட்டடக் கலைஞர் சார்லஸ் ரென்னி மேக்கின்டாஷ் வடிவமைத்த மேசை நாற்காலிகள் இருக்கும் பகுதி. இல்லையென்றால் அடுத்த முறைக்கு வைத்துவிடுங்கள். கட்டணம் இல்லாத இடத்துக்கு மறுபடியும் வரலாம்.

10. “இதெல்லாம் இங்கே எப்படி வந்தது?”

வேற்று நாட்டுப் பொருட்களைப் பார்த்ததும் நம் வீட்டுப் பெரியவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்வி. “உஷ், மெதுவா” என்று அடக்காமல் பதில் சொல்லுங்கள், பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கிளாஸ்கோ இந்தக் கேள்வியை மற்ற பல நகரங்களை விட முன்னதாகவே எதிர்கொண்டது. அமெரிக்கப் பழங்குடியினரான லக்கோட்டா மக்களின் புனிதச் சட்டை ஒன்றை 1999-இல் அவர்களிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 2022 ஆகஸ்டில் ஏழு பொருட்களை இந்தியாவுக்குத் திருப்பித் தர இந்தியத் தூதரகத்தோடு ஒப்பந்தம் செய்தார்கள். கையெழுத்தானது இதே கெல்வின்குரோவில்தான். அந்த ஏழில் ஆறு, 19-ஆம் நூற்றாண்டில் வட இந்தியக் கோயில்களிலிருந்தும் வழிபாட்டிடங்களிலிருந்தும் திருடப்பட்டவை. ஏழாவது, ஹைதராபாத் நிஜாமின் சேகரிப்பிலிருந்து களவுபோன வாள்.

ஒவ்வொரு பொருளின் பலகையிலும் எப்போது, யாரிடமிருந்து வந்தது என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் வேலை இதுதான். அந்த வரி சுருக்கமாக இருக்கும் பொருட்களை நோட்டில் குறித்துக்கொண்டு, வீட்டில் போய்த் தேடிப் பார்க்கட்டும்.

11. கிளம்பும் நேரம்

மூன்று மணிக்கு மேல் புது அறை எதையும் ஆரம்பிக்காதீர்கள். அதுவரை நன்றாக இருந்த குழந்தை அழத் தொடங்குவது பெரும்பாலும் கடைசியாகச் சேர்த்துக்கொண்ட அறையில்தான்.

கடைக்குப் போவதானால் முன்கூட்டியே ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள். பொம்மை யானையை விட, பார்த்த ஓவியத்தின் தபால் அட்டை வாங்குவது நல்லது. விலை குறைவு, குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தால் பேச்சும் தொடரும்.

வானம் தெளிவாக இருந்தால் பூங்கா வழியாகக் கெல்வின் நதியைத் தாண்டி நடந்து, எதிரே குன்றின் மேல் தெரியும் பல்கலைக்கழகக் கோபுரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். பாதை சில இடங்களில் ஏற்றம். தாத்தா பாட்டி களைத்திருந்தால் அவர்களை ஒருவரோடு பஸ் நிறுத்தத்துக்கு அனுப்பிவிட்டு மற்றவர்கள் மட்டும் நடக்கலாம். சனிக்கிழமை மாலையில் பஸ் நிறைந்தே வரும், அதனால் நாலரை மணிக்குள் நிறுத்தத்தில் இருப்பது நல்லது.